வள்ளத்தில் இருந்த தண்ணீர்

எங்கள் பக்கத்தில் ஆறு இல்லை என்று யாராவது சொன்னால் என் கணவருக்குப் பொறுக்காது. பள்ளிக்கூடத்தில் அவர் படிப்பித்தது பூமிசாத்திரம். உலகத்து ஆறுகளை எல்லாம் கரும்பலகையில் அளவாகக் கீறிக் காட்டுகிறவர், யாழ்ப்பாணத்தைக் கீறும்போது மட்டும் தொண்டைமானாற்றை இருக்கிற அகலத்தைப் போல இரண்டு மடங்காக இழுத்துவிடுவாராம். அது ஆறு அல்ல, கடல் உள்ளே வந்து படுத்திருக்கிற உப்புநீர்ப் பரப்பு என்பது அவருக்கும் தெரியும். பெயரில் ஆறு இருக்கிறதே, பிறகென்ன என்பார்.

உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய கோடையில், அவரோடு ஒன்றாகப் படித்த சிநேகிதர் ஒருவர் மலாயாவிலிருந்து லீவில் வந்தார். அங்கே ரயில்வேயில் கிளாக்கர். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு. நான் அக்கா என்று கூப்பிட்டேன். அக்காவின் தாய் வீடு கொக்குவிலில். பிள்ளைப்பேற்றுக்காகத்தான் கப்பலேறி வந்தார்கள். இடையில் சில நாள் எங்களோடு நிற்க என்று கோப்பாய்க்கு வந்தபோது அக்காவுக்கு ஆறாம் மாதம்.

அதற்கு முன் மூன்று முறை வயிற்றில் வந்து தங்காமல் போயிருந்தது. கடைசி முறை ஐந்து மாதம் கடந்த பிறகு போனதாம். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் கல்லில் இருந்தபடி ஊர்ப் புதினம் சொல்வது போல அக்கா அதைச் சொன்னார். ஒரு கை மட்டும் வயிற்றை விட்டு அசையவில்லை. இந்த முறை தங்கினால், பிறக்க முந்தியே சந்நிதி முருகனுக்கு வந்து தேங்காய் உடைக்கிறேன் என்று மலாயாவில் இருந்தே நேர்ந்திருந்தார்.

சந்நிதி கோயில் இருப்பது தொண்டைமானாற்றின் கரையில். இது போதாதா என் கணவருக்கு? "கார் குலுக்கும், மாட்டுவண்டில் அதைவிடக் குலுக்கும். வல்லைப் பாலம் மட்டும் மெல்லக் காரிலை போவம். அங்கையிருந்து வள்ளத்திலை ஆத்தோடை போனால் தொட்டில்லை போற மாதிரி இருக்கும்" என்றார். வல்லை வரை குலுக்காத கார் அதற்கு அப்பால் மட்டும் ஏன் குலுக்கும் என்று நான் கேட்கவில்லை. கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவள், வாயைத் திறந்தால் எவ்வளவு எடுபடும் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் இராச்சாப்பாட்டில் சிநேகிதர் பேராக் ஆற்றின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனதுதான் இவரைக் கிளப்பிவிட்டது.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிட வேண்டும். மலாயாவுக்குப் போனவர்கள் அங்கே யார் கையிலும் வாங்கித் தின்பார்கள், குடிப்பார்கள் என்று ஊரில் ஒரு கதை உலாவியது. அந்தக் கதை தன்மேல் ஒட்டிவிடக் கூடாது என்று சிநேகிதர் படாத பாடு பட்டார். விடியமுன் எழும்பித் தோய்ந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, சந்திக் கடைத் தேத்தண்ணீரைக் கண்ணாலும் பார்க்காமல் திரிந்தார். என் கணவர் சொக்கிப்போனார். "அவ்வளவு காலம் அங்கை இருந்தும் பார், ஆசாரம் விடேல்லை" என்று என்னிடம் சொல்லிச் சொல்லித் தானும் இறுகிக்கொண்டார்.

இவர் தாய், என் மாமி, இறுகுவதற்கு மிச்சம் ஒன்றும் வைத்திருக்கவில்லை. எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு விடாய்த்தால், பனங்குருத்தோலையில் கோலிய பிளாவில் தண்ணீர் ஊற்றுவோம். பிளா இல்லாவிட்டால் அவர்கள் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்துவார்கள். நாங்கள் உயரத்தில் இருந்து செம்பைச் சரிப்போம். பிளா வேலியில் செருகிக் கிடக்கும், வீட்டுக்குள் வராது. நான் பிறந்த வீட்டிலும் இதே நடப்புத்தான்.

போகிற அன்று இராகு காலம் கழியட்டும் என்று மாமி மறித்ததால், நாங்கள் வல்லைப் பாலத்தடியில் போய் இறங்கும்போதே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. காரைக் கோயிலடியில் போய் நிற்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வள்ளத்தோடு காத்திருந்தவர் நடுவயது மீன்பிடிகாரர். கழுத்தில் கறுத்தக் கயிற்றில் அந்தோனியார் சுரூபம் தொங்கியது. யாழ்ப்பாணப் பட்டினக் கரையில் பிறந்து, இந்தப் பக்கம் கலியாணம் முடித்து வந்தவராம். வள்ளத்தைக் கழுவிப் புதுப்பாய் விரித்திருந்தார். அக்காவைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் ஒரு சாக்கை மடித்துச் சாய்வதற்கு வைத்தார். தன்னுடைய சாமான் ஒன்றே ஒன்று, சிரட்டையால் மூடிய ஒரு மண்முட்டி. அதை எங்கள் சாமான்களில் படாதபடி பின்முனையில் தள்ளி வைத்தார்.

எங்கள் சாமான்களுக்கோ குறைவில்லை. ஓலைப் பெட்டியில் புளிச்சோறு, வாழைக்காய்ப் பொரியல், மோர்மிளகாய். அருச்சனைக்குத் தேங்காய், நீர்வேலி வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை. ஒரு பித்தளைச் செம்பு. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு மண்குடம் நிறைய. வாயை வெள்ளைத் துணியால் மாமி தன் கையாலேயே கட்டித் தந்திருந்தார்.

தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது. படகுக்காரர் நீண்ட கம்பை ஊன்றி ஊன்றித் தள்ள, வள்ளம் சத்தமில்லாமல் போனது. கரை முழுக்க வெறும் வெளி, தூரத்தில் பனைகள், தண்ணீரில் ஒற்றைக்காலில் கொக்குகள். இவர் எழும்பி நின்று வகுப்பு எடுக்காத குறை. சிநேகிதர் எல்லாவற்றுக்கும் "பேராக்கிலை இதைப் போலை" என்று தொடங்கி, அக்கா பார்த்த பார்வையில் நிறுத்துவார். பசிக்க முந்தியே சாப்பாட்டை அவிழ்த்தோம். உப்பும் உறைப்புமாய் மோர்மிளகாயை ஆளுக்கு நாலைந்து கடித்தோம். சாப்பிட்ட பிறகு சிநேகிதர் ஆற்று உப்புத் தண்ணீரில் கை கழுவ மாட்டேன் என்று, குடத்துத் தண்ணீரில் கையை முழங்கை வரை கழுவி, நாலு தரம் கொப்பளித்துத் துப்பினார். அவருக்கு மட்டமாகிவிடக் கூடாதே என்று இவரும் அப்படியே செய்தார். குடம் பாதிக்குக் கீழே போனதை நான் பார்த்தேன், அக்காவும் பார்த்தார்.

உச்சி ஏற ஏறச் சோளகம் பலத்தது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்று வள்ளத்தைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ள, படகுக்காரர் முழுப் பாரத்தையும் கம்பில் போட்டு எதிர்த்தார். கோடையில் தண்ணீர் வற்றிப் போன இடம். எங்கே ஆழம், எங்கே சேறு என்று மேலே பார்த்துத் தெரியாது. திடீரென்று அடி உரசியது. அடுத்த வீச்சில் வள்ளம் ஒரு சேற்றுத் திட்டில் ஏறிச் சரிந்து நின்றது. நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம். நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன், குடத்தைப் பிடிக்க ஆளில்லை. அது உருண்டு கம்பின் அடியில் மோதி இரண்டாகப் பிளந்தது. மிச்சத் தண்ணீர் வள்ளத்தின் அடியில் ஓடி, பழைய மீன் வாடையோடு கலந்துவிட்டது.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. படகுக்காரர் இறங்கித் தள்ளிப் பார்த்தார். இவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கியவர் தொடை வரை புதைந்து, மேலே வரமுடியாமல் கையை வீசினார். படகுக்காரர்தான் அக்குளில் கைகொடுத்து இழுத்து ஏற்றினார். அந்தத் தொடுகை யாருக்கும் குற்றமாகப் படவில்லை.

"காத்து விழுமட்டும் அசையேலாது ஐயா. பின்னேரம் விழும். விழுந்தால் நான் தள்ளி எடுத்துப்போடுவன்" என்றார் படகுக்காரர்.

பின்னேரம் எங்கே, நாங்கள் இருந்தது எங்கே. நிழல் என்று சொல்ல ஒரு முழம் இல்லை. நானும் அக்காவும் ஒரு சேலைத்தலைப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டிருந்தோம். காற்றும் வெயிலும் சேர்ந்து உதட்டை உப்பாக்கின. மோர்மிளகாய் நெஞ்சுக்குள் நின்று எரிந்தது. எனக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அக்கா முதலில் வியர்த்துக் கொட்டினார், பிறகு வியர்ப்பதும் நின்றது. முகம் வெளிறி, கண் குழி விழுந்தது.

"தண்ணி விடாய்க்குது" என்று கணவரிடம் மெல்லச் சொன்னார்.

சிநேகிதர் சுற்றிப் பார்த்தார். சுற்றிவர மைல் கணக்கில் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது. பின்முனையில் சிரட்டை மூடிய முட்டி இருந்தது. அதை அவர் பார்த்தார். நானும் பார்த்தேன், இவரும் பார்த்தார். பிறகு எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம்.

இவர் கரையைக் காட்டி, "உங்காலை கிணறு ஒண்டும் இல்லையோ?" என்று படகுக்காரரைக் கேட்டார்.

"இருக்கு ஐயா. உந்த வெளி தாண்டி, பனங்கூடலுக்கு அங்காலை."

"அப்ப கெதியாப் போய் இந்தச் செம்பிலை கொண்டுவாவன்."

படகுக்காரர் செம்பை வாங்கக் கை நீட்டவில்லை. "அது உங்கடை ஆக்களின்ரை கிணறு ஐயா. நான் அள்ளேலாது. ஆரும் நிண்டு அள்ளி ஊத்தினால் உண்டு. உந்த வெயிலுக்கை ஆர் நிப்பினம்?" என்றார். பிறகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "அப்பிடி ஆரும் ஊத்தினாலும், நான் தூக்கிக்கொண்டு வந்தால் அது பிறகு என்ரை கைத் தண்ணிதானே" என்றார்.

இவர் செம்பைத் திரும்பப் பாயில் வைத்தார்.

நான் முழங்கையால் இவரை இடித்தேன். கண்ணால் முட்டியைக் காட்டினேன். இவர் கண்ணால் சிநேகிதரைக் காட்டினார். இவ்வளவு ஆசாரமான மனிசன் முன்னால், அவருடைய பெண்சாதிக்கு மீன்பிடிகாரன் தண்ணீரை எப்படி எடுத்துக் கொடு என்பது? இன்னொரு தரம் இடித்தேன். முறைத்தார். சிநேகிதரோ என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் மாறி மாறித் தொண்டையைச் செருமினார்கள். அக்கா என் தோளில் சாய்ந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது.

கொஞ்ச நேரத்தில் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தார். வயிறு கல்லு மாதிரி இறுகியிருந்தது. பிறகு தளர்ந்தது. பிறகு மறுபடி இறுகியது.

"போன முறையும் இப்பிடித்தான் தொடங்கினது" என்றார் என் காதுக்குள்.

பிள்ளைப்பேறு பற்றி ஒன்றும் தெரியாத பெண் நான், கரையோ எட்டாத் தூரம், மருத்துவிச்சி இல்லை, இரண்டு ஆம்பிளைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். "அக்காவுக்கு வயித்துக்கை பிடிக்குது, தண்ணி இல்லாமல்தான் பிடிக்குது" என்று உரத்துச் சொன்னேன். சிநேகிதர் பதறி அருச்சனைத் தட்டில் இருந்த தேங்காயைத் தூக்கி, வள்ள விளிம்பில் அடிக்க ஓங்கினார்.

அக்கா எட்டி அவர் கையைப் பிடித்தார். "அதைத் தொடாதேங்கோ. அது முருகன்ரை."

"உயிர் போற நேரத்திலை என்ன முருகன்ரை!"

"இந்த உயிருக்காகத்தான் அது நேர்ந்தது. வையுங்கோ."

வைத்தார். வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். என் கணவர் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைகளை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கும். இரண்டு பேரையும் அந்தச் சேற்றுக்குள் தள்ளிவிட்டிருக்கலாம்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, படகுக்காரரைப் பார்த்துக் கேட்டார். "அண்ணை, உங்கடை முட்டியிலை தண்ணி இருக்கோ?"

"இருக்குப் பிள்ளை."

"எனக்குத் தாறியளோ?"

அவர் அசையவில்லை. இரண்டு ஆம்பிளைகளையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார். "ஐயாமார் சொல்லட்டும் பிள்ளை. போன கோடை ஒரு பிள்ளைக்கு விடாய் எண்டு குடுத்தனான். குடுத்ததுக்கு என்ரை வள்ளத்தைக் கோடாலியாலை கொத்திப்போட்டினம். இது கடனுக்கு வாங்கின வள்ளம்."

ஐயாமார் இருவரும் கரையைப் பார்த்தார்கள்.

அக்கா காத்திருக்கவில்லை. வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பாயில் இருந்தபடியே நகர்ந்து நகர்ந்து பின்முனைக்குப் போனார். அங்கே முழங்காலை ஊன்றிக் குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து நாடிக்குக் கீழே ஏந்தினார். எங்கள் வேலியோரத்தில் கூலியாட்கள் ஏந்துவது போலவே, அச்சொட்டாக.

படகுக்காரர் எழும்பினார். சிரட்டையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, முட்டியைத் தூக்கிச் சாய்த்தார். முட்டி கையில் பட்டுவிடாமல் உயரத்திலேயே பிடித்துக்கொண்டு, மெல்லிய நூலாக ஊற்றினார். காற்று அந்த நூலை வளைத்தது. அவர் வள்ளத்தில் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து தன் உடம்பால் காற்றை மறைத்தார். அக்கா விக்கி விக்கிக் குடித்தார். விரலிடுக்கால் வழிந்து சேலை நனைந்தது.

"மெல்ல, மெல்லப் பிள்ளை. புரைக்கேறும்."

சிநேகிதர் தலையில் கையை வைத்துக்கொண்டு விம்மத் தொடங்கினார். "மச்சான், நாங்கள் அங்கை சீனன்ரை கடையிலையும் குடிக்கிறனாங்கள், மலாய்க்காரன்ரை வீட்டிலையும் குடிக்கிறனாங்கள். உனக்கும் மாமிக்கும் மனம் நோகக்கூடாது எண்டுதான் பொறுத்தனான்" என்றார்.

என் கணவர், "நான் நீ என்ன நினைப்பாயோ எண்டு…" என்று இழுத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் புதுப்பெண் என்பதும் மறந்துபோனது. "ரெண்டு பேரும் ஆளுக்காள் மரியாதை செய்து முடிஞ்சுதோ? இன்னும் மிச்சம் இருக்கோ?" என்று கேட்டேன்.

பிறகு நானும் ஏந்திக் குடித்தேன். சிநேகிதர் குடித்தார். என் கணவரும் குடித்தார். அவருக்குத்தான் விடாய் கூட. இரண்டு தரம் ஏந்தினார். பித்தளைச் செம்பு பாயில் கிடந்தது, அதில் வாங்கிக் குடிக்கலாம் என்ற நினைப்பே எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. அக்கா இன்னொரு முறை குடித்தார். கடைசியில் படகுக்காரர் முட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அவருக்கு மிச்சம் இருக்கவில்லை. சிரட்டையால் மூடிப் பழைய இடத்தில் வைத்துவிட்டுக் கம்பைப் பிடித்துக்கொண்டு குந்தினார்.

வயிறு இறுகுவது உடனே நிற்கவில்லை. நான் கையை எடுக்காமலே இருந்தேன். இறுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டு வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். பொழுது சரியும்போது காற்று விழுந்தது. அதற்கு முந்தியே வயிறு இளகி, உள்ளே பிள்ளை ஒரு முறை புரண்டது. என் உள்ளங்கையில் அதை உணர்ந்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

படகுக்காரர் சேற்றில் இறங்கி, நெஞ்சு வரை நனைந்து, தனியாகத் தள்ளி வள்ளத்தை மிதக்க வைத்தார். கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே பூசை செய்கிறவர்களும் கடலோடு பிழைத்தவர்களின் வழி வந்தவர்கள்தான். வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு வந்து திருநீறு தந்தார்கள், தீர்த்தம் தந்தார்கள். எல்லோரும் பணிவாக வாங்கிக் குடித்தோம். அக்கா தேங்காய் உடைத்தார். காரில் திரும்பும்போது இவர் முன்னால் இருந்தபடியே, "அம்மாவுக்கு ஒண்டும் தெரிய வேண்டாம்" என்றார். வீட்டில் மாமி கேட்ட முதல் கேள்வி, "குடத்துத் தண்ணி நாலு பேருக்கும் காணுமாயிருந்ததோ?" என்பதுதான். "ஓம், காணும்" என்றார் இவர். குடம் இறக்கும்போது கைதவறி உடைந்தது என்றும் சொன்னார்.

மருத்துவிச்சி வந்து பார்த்து, கொஞ்ச நாளைக்கு இடம் மாறக்கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று சொன்னதால் அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கினார். அடுத்த கிழமை ஒரு பகல். சிநேகிதர் கொக்குவிலுக்குப் போயிருந்தார். மாமியும் அக்காவும் விறாந்தையில் இருந்தார்கள். வேலிப் படலையடியில் யாரோ கனைக்கும் சத்தம் கேட்டது.

"ஆர் உது?" என்றார் மாமி.

"வள்ளக்காரன் அம்மா. வாத்தியார் ஐயாவின்ரை தோள் துவாய் வள்ளத்துக்கை கிடந்தது, குடுத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்."

இவர் உள்ளே இருந்து பாய்ந்து வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. படகுக்காரர் துவாயை வேலியில் போட்டுவிட்டு, விறாந்தைப் பக்கம் பார்த்தார். "பிள்ளை சுகமோ எண்டும்…" என்று தொடங்கி, இவர் முகத்தைக் கண்டு நிறுத்தினார்.

"ஏன், என்ன சுகம் விசாரிப்பு?" என்றார் மாமி.

"வெயிலுக்கை வந்தவ எல்லே அம்மா. அதுதான்."

துவாய் சாட்டுத்தான். அந்தத் துவாய்க்காக யாரும் அவ்வளவு தூரம் நடந்து வரமாட்டார்கள்.

மாமி கெட்ட மனம் உள்ளவர் அல்ல. "பாவம், உந்த வெயிலுக்கை நடந்து வந்திருக்கிறான். தண்ணி குடுங்கோ" என்றார். இவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வேலியில் செருகியிருந்த பிளாவை உருவி அவர் பக்கம் நீட்டினார். என்னைப் பார்த்து, செம்பில் தண்ணீர் கொண்டு வா என்றார்.

நான் கொண்டு வந்த செம்பை அக்கா வழியிலேயே வாங்கிக்கொண்டார். எழும்பக்கூடாது என்று சொல்லியிருந்த மனிசி, படியிறங்கிப் படலைக்குப் போனார். படகுக்காரர் கையில் இருந்த பிளாவை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, செம்பை அந்தக் கைகளுக்குள் வைத்தார்.

"வேண்டாம் பிள்ளை…"

"பிடியுங்கோ அண்ணை. குடியுங்கோ."

அவர் அண்ணாந்து, உதடு படாமல் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

மாமி எழும்பி நின்றுவிட்டார். "என்ன பிள்ளை செய்யிறாய்? இனி அந்தச் செம்பை என்ன செய்யிறது?"

"இவற்றை முட்டித் தண்ணியாலைதான் என்ரை பிள்ளை தங்கினது மாமி" என்றார் அக்கா. "நாங்கள் நாலுபேரும் வாங்கிக் குடிச்சனாங்கள்."

மாமி என்னைப் பார்த்தார். "நீயுமோ?"

"ஓம். குடிச்சனான்" என்றேன்.

பிறகு மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. "நீ?"

"நான் குடிக்கேல்லை அம்மா" என்றார் என் கணவர்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் வேலியில் கிடந்த துவாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படகுக்காரர்தான் பேசினார். "ஓம் அம்மா. வாத்தியார் ஐயா குடிக்கேல்லை" என்றார். சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனார்.

அந்தச் செம்பை மாமி பிறகு புழங்கவில்லை. அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். ஆவணியில் கொக்குவிலில் பெண்பிள்ளை சுகமாகப் பிறந்தது. அவர்கள் கப்பலேறும்போது பிள்ளையின் சாமான்களோடு செம்பும் மலாயாவுக்குப் போனது. அதெல்லாம் பின்னால்.

அன்றைக்கு மாமி, பிள்ளைத்தாச்சிக்குத் தோஷம் இல்லை என்று அக்காவை விட்டுவிட்டார். என்னை மட்டும் குசினிக்குள் வரமுந்தித் தலையில் தோய்ந்துவிட்டு வரச் சொன்னார். ஒரு கிழமையாக நான் குசினிக்குள்தான் சமைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய்க் குந்தினேன். தண்ணீர் அள்ள வந்தவர் என் கணவர். துலாவைப் பதித்து, வாளியைத் தூக்கி, என் தலையில் ஊற்றினார். கோபத்தில் எனக்கு உடம்பு நடுங்கியது. தண்ணீர் குளிர்ந்து நடுங்குகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்த வாளியை மெல்ல ஊற்றினார்.

"நீங்களும் ஒருக்காத் தோய்ஞ்சால் என்ன?" என்று கேட்டேன்.

அவர் மறுபடி துலாவைப் பதித்தார்.